வாய்விட்டுச் சிரிக்க ஆள் வேண்டும்

வாய்விட்டுச் சிரித்தால் நோய்விட்டுப் போகும் என்பது நாம் தமிழ்ப்பள்ளியில் முதலாம் ஆண்டிலிருந்தே கேட்டு வளர்ந்த பழமொழி. எங்கள் வகுப்பறைச் சுவரிலும் அதை வண்ணத்தாளில் எழுதி ஒட்டியிருந்தார்கள். அந்தச் சுவருக்குக் கீழே உட்கார்ந்து வாய்விட்டுச் சிரித்ததற்காகத்தான் நான் அதிகம் அடி வாங்கினேன் என்பது வேறு கதை.

கட்டுரை எழுத உட்காரும்போது பழமொழியை முதலில் போட்டுவிட்டுப் பிறகு அதற்குச் சான்று தேடுவது நம் வழக்கம். நானும் அப்படித்தான் தொடங்கினேன். ஆனால் தேடிப் படிக்கப் படிக்க, அந்தப் பழமொழி பாதி உண்மையைத்தான் சொல்கிறது, மீதிப் பாதியை விட்டுவிட்டது என்று எனக்குத் தோன்றியது. விட்டுப்போன அந்தப் பாதியை எனக்கு முதலில் சொன்னவர் என் அம்மா. அவர் எந்த ஆய்வையும் படித்தவர் அல்லர். கோலா பிலா பக்கத்துத் தோட்டம் ஒன்றில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பால் மரம் வெட்டியவர்.

அவர் சொன்னதற்குப் போகும் முன் ஜப்பானில் நடந்த ஓர் ஆய்வைச் சொல்லிவிடுகிறேன். 2003ஆம் ஆண்டு ‘டயாபிட்டிஸ் கேர்’ என்னும் மருத்துவ ஆய்விதழில் கெய்கோ ஹயாஷி, கசுவோ முராகாமி முதலான ஆய்வாளர்கள் அதனை வெளியிட்டனர். இரண்டாம் வகை இனிப்பு நீர் உள்ள 19 பேரும் அந்நோய் இல்லாத 5 பேரும் அதில் பங்கெடுத்தனர். இரண்டு நாள்களும் அவர்களுக்கு ஒரே உணவு. முதல் நாள் சாப்பிட்ட பிறகு, சிரிப்புக்கு இடமே இல்லாத ஒரு விரிவுரையைக் கேட்க வைத்தார்கள். மறுநாள் சாப்பிட்ட பிறகு ‘மன்சாய்’ எனப்படும் நகைச்சுவை நிகழ்ச்சியைப் பார்க்க வைத்தார்கள். மன்சாய் என்பது மேடையில் இருவர் நின்றுகொண்டு, ஒருவர் அறிவாளியாகவும் மற்றவர் அசடாகவும் மாறி மாறிப் பேசுவது. நம் கவுண்டமணியையும் செந்திலையும் நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு மணி நேரம் கழித்து இரத்தத்தில் இருக்கும் சர்க்கரையை அளந்தபோது, நோயாளிகளுக்கு விரிவுரை நாளில் சராசரியாக 6.8 மில்லிமோல் ஏறியிருந்தது. நகைச்சுவை நாளில் 4.3 மட்டுமே ஏறியிருந்தது. நோய் இல்லாதவர்களிடமும் ஏற்றம் குறைவாகவே இருந்தது.

விரிவுரைகளைப் பற்றி மாணவர்கள் நெடுங்காலமாகச் சொல்லிவரும் குறைக்கு இதைவிட நல்ல அறிவியல் சான்று கிடைக்காது. நம் விரிவுரையாளர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

வேடிக்கையை விட்டுவிட்டுப் பார்த்தால், இது மிகச் சிறிய ஆய்வு. மொத்தம் 24 பேர்தான். எல்லோரும் முதலில் விரிவுரையையும் பிறகுதான் நகைச்சுவையையும் பார்த்தார்கள். வரிசையை மாற்றிப் பார்க்கவில்லை. சிரித்ததால் ஆண்டுக்கணக்கில் சர்க்கரை கட்டுக்குள் இருக்குமா என்பதற்கும் இதில் விடை இல்லை. இருந்தாலும் இந்த ஆய்வு என்னை விடவில்லை. மலேசியாவில் சுகாதார அமைச்சு நடத்தும் தேசிய சுகாதார ஆய்வுகளில் இனிப்பு நீர் விழுக்காடு இந்தியர்களிடம்தான் மிக அதிகம் என்பது நாமெல்லாம் அறிந்ததே. நம் வீடுகளில் ஊசியும் மாத்திரையும் இல்லாத குளிர்சாதனப் பெட்டி எத்தனை?

அம்மாவுக்கும் அந்த நோய் உண்டு. தோட்டத்தில் ரப்பரை அழித்துச் செம்பனை நட்ட பிறகு எங்கள் குடும்பம் சிரம்பானில் ஒரு தாமானுக்குக் குடிவந்தது. ஒருமுறை கிளினிக்கில் மிஸ்ஸி அவரிடம், “அம்மா, கவலைப்படாம நல்லா சிரிச்சிக்கிட்டு இருங்க, சக்கர தானா எறங்கும்” என்று அன்பாகச் சொன்னார். வீட்டுக்கு வரும் வழியில் காரில் அம்மா கேட்டார்: “யாரு கூடய்யா சிரிக்கிறது? செவத்தப் பாத்துச் சிரிச்சா பைத்தியம்னுல்ல சொல்லுவாங்க?”

நான் பதில் சொல்லவில்லை. சொல்லத் தெரியவில்லை.

மூச்சும் சிரிப்பும்

சிரிக்கும்போது உடலில் என்னதான் நடக்கிறது? மூச்சிலிருந்து தொடங்குவோம். நாம் பேசும்போது ஒரே மூச்சை நீளமாக வெளியே விட்டு, அதில் சொற்களை ஏற்றி அனுப்புகிறோம். சிரிக்கும்போது அந்த மூச்சு துண்டு துண்டாக வெட்டுப்படுகிறது. உதரவிதானமும் விலா எலும்புகளுக்கு இடையிலுள்ள தசைகளும் இழுத்து இழுத்து விடுகின்றன. அமெரிக்க ஆய்வாளர் இராபர்ட் புரோவைன் அளந்து பார்த்ததில், சிரிப்பின் ஒவ்வொரு ‘ஹா’வும் ஏறக்குறைய 75 மில்லிநொடி நீடிக்கிறது, ஒன்று தொடங்கி அடுத்தது தொடங்குவதற்கு ஏறக்குறைய 210 மில்லிநொடி ஆகிறது. மொழி எதுவானாலும் இந்தத் தாளம் பெரிதாக மாறுவதில்லை.

இதயத் துடிப்பு சற்றுக் கூடுகிறது. சிரித்து முடித்ததும் தசைகள் தளர்ந்துவிடுகின்றன. மிகுந்த சிரிப்பில் கையிலிருப்பது நழுவி விழுவதும் கால் தள்ளாடுவதும் இதனால்தான். மனவழுத்தம் ஏறும்போது உடலில் சுரக்கும் கார்டிசோல் குறைகிறது. 2023இல் ‘பிளோஸ் ஒன்’ இதழில் வெளிவந்த ஒரு தொகுப்பாய்வு, 315 பேர் கலந்துகொண்ட எட்டு ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தது. இயல்பாகச் சிரித்தவர்களிடம் கார்டிசோல் ஏறக்குறைய 32 விழுக்காடு கூடுதலாகக் குறைந்ததாக அது கணித்தது.

இரத்தக் குழாய்களைப் பற்றி 2005இல் மேரிலாண்டு பல்கலைக்கழக மருத்துவர் மைக்கல் மில்லர் வெளியிட்ட ஆய்வும் பலராலும் பேசப்பட்டது. உடல்நலத்தோடு இருந்த 20 பேருக்கு ஒரு நகைச்சுவைப் படத்தின் காட்சியையும், ‘சேவிங் பிரைவேட் ரயன்’ படத்தின் தொடக்கப் போர்க்காட்சியையும் காட்டினார்கள். சிரித்த பிறகு கையிலுள்ள தமனியில் இரத்த ஓட்டம் சராசரியாக 22 விழுக்காடு கூடியது. போர்க்காட்சிக்குப் பிறகு 35 விழுக்காடு குறைந்தது. உடற்பயிற்சி செய்வதற்கு மாற்றாகச் சிரிக்கலாம் என்று மில்லர் சொல்லவில்லை. பயிற்சியையும் செய்யுங்கள், சிரிக்கவும் செய்யுங்கள் என்றுதான் சொன்னார். சிரித்தே இளைத்துவிடலாம் என்று எண்ணுபவர்களுக்கு ஒரு கணக்கு: நாளொன்றுக்கு 10 முதல் 15 நிமிடம் சிரித்தால் 10 முதல் 40 கலோரி கூடுதலாகச் செலவாகும் என்று 2007இல் ஓர் ஆய்வு கண்டது. ஒரு ரொட்டிச் சானாயில் ஏறக்குறைய 300 கலோரி இருக்கிறது. ஒரே ஒரு ரொட்டியைக் கரைக்க ஒரு வாரத்துக்கு மேல் சிரிக்க வேண்டும். குழம்பு கணக்கில் சேராது.

இவையெல்லாம் பழமொழியின் முதல் பாதிக்கான சான்றுகள். சிரிப்பினால் உடலுக்குக் கொஞ்சம் நன்மை இருக்கிறது. சில மணி நேரத்துக்காவது இருக்கிறது.

அஞ்சடியில் நடந்தது

மீதிப் பாதிக்கு நான் தோட்டத்துக்குத் திரும்பிப் போக வேண்டும்.

விடியும் முன்பே பெரட்டு. இருட்டில் பெயர் கூப்பிட்டு முடிந்ததும் ஒவ்வொருவரும் தம் நிரைக்குப் போவார்கள். நெற்றியில் விளக்கு, கையில் உளி, முழங்கை வரை துணி. கொசுக்கடி சொல்லி மாளாது. பள்ளி விடுமுறையில் மங்கு துடைக்க நானும் அம்மாவோடு போவேன். ஒரு நிரையில் அம்மா, அடுத்த நிரையில் பக்கத்து வீட்டுப் பெரியம்மா. இருட்டில் ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. ஆனால் பேச்சு ஓயாது. முதல் நாள் கள்ளுக்கடையில் யார் என்ன பாடினார், கங்காணி மருமகனுக்குப் பயந்து எப்படிப் பின்வாசல் வழியே போனார் என்று பெரியம்மா அங்கிருந்து ஒன்றைச் சொல்ல, அம்மா இங்கிருந்து ஒன்றைச் சேர்க்க, மூன்றாவது நிரையிலிருந்து யாரோ சிரிப்பார்கள். மரத்துக்கு மரம் அந்தச் சிரிப்பு போய்க்கொண்டே இருக்கும்.

மழை நாளில் பால் வெட்ட முடியாது. மரம் ஈரமாக இருந்தால் பால் கோட்டில் நிற்காமல் வழிந்து ஓடிவிடும். வேலை இல்லையென்றால் அன்றைய சம்பளமும் இல்லை. அந்த நாள்களில்தான் லயத்து அஞ்சடியில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து பேன் பார்ப்பார்கள், அரிசி புடைப்பார்கள், கதை பேசுவார்கள். நான் கேட்ட பெரிய சிரிப்புகளெல்லாம் சம்பளம் இல்லாத மழை நாள்களில் கேட்டவைதாம்.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை. “அந்தக் காலத்தில் ஏழ்மையிலும் எவ்வளவு மகிழ்ச்சியாக இருந்தோம்!” என்று மேடையில் பேசுபவர்களைக் கண்டால் எனக்குப் பிடிக்காது. குறைந்த கூலிக்குச் சிரிப்பு ஈடாகாது. அஞ்சடியில் சிரித்த அதே பெண்கள் இரவில் கடைக்காரர் கணக்கை எண்ணி அழுததையும் பார்த்திருக்கிறேன். அவர்கள் சிரித்ததற்குக் காரணம் வறுமை அன்று. பக்கத்தில் ஆள் இருந்தது.

இதை நான் நெஞ்சறிந்து சொல்கிறேன். புரோவைன் எண்ணிச் சொன்னார். அவரும் அவருடைய மாணவர்களும் கடைவீதிகளிலும் பல்கலைக்கழக வளாகங்களிலும் நின்று, மக்கள் இயல்பாகச் சிரித்த 1,200 தருணங்களைக் குறித்துக்கொண்டார்கள். சிரிப்புக்கு முன் பேசப்பட்டது என்ன என்று பார்த்தால், நகைச்சுவை என்று சொல்லத்தக்கவை 10 முதல் 20 விழுக்காடுதான். மற்றவையெல்லாம் “சரி, பிறகு பார்ப்போம்” என்பது போன்ற வெறும் பேச்சு. தனியாக இருப்பதைவிடப் பிறரோடு இருக்கும்போது மனிதன் ஏறக்குறைய முப்பது மடங்கு அதிகம் சிரிக்கிறான் என்பதும் அவர் கண்டது. 2000ஆம் ஆண்டில் வெளிவந்த அவருடைய நூலில் இவை விரிவாக உள்ளன. சிரிப்பு நகைச்சுவையால் வருவதைவிட உறவால் வருவதே அதிகம் என்பதுதான் இதன் சாரம்.

எண்பதுகளின் தொடக்கத்தில் எங்கள் தோட்டத் திடலில் வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டுவார்கள். ‘காதலிக்க நேரமில்லை’ 1964இல் வந்த படம்; எங்களுக்கு எத்தனையோ ஆண்டுகள் கழித்துத்தான் வந்தது. நாகேஷ் பாலையாவுக்குக் கதை சொல்லும் காட்சியில் திடலே குலுங்கியது. பாயில் படுத்திருந்த தாத்தா எழுந்து உட்கார்ந்து சிரித்தார். சென்ற ஆண்டு அதே காட்சியைக் கைப்பேசியில் தனியாகப் பார்த்தேன். உதடு கொஞ்சம் விரிந்தது, அவ்வளவுதான். காட்சியில் ஒரு நொடியும் மாறவில்லை.

ஆக்ஸ்ஃபர்டு பல்கலைக்கழகத்தின் இராபின் டன்பார் குழுவினர் 2012இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு உடலளவில் ஒரு விளக்கம் தருகிறது. சிலருக்கு நகைச்சுவைக் காட்சிகளையும் வேறு சிலருக்குச் சலிப்பூட்டும் காட்சிகளையும் காட்டி, அதற்கு முன்னும் பின்னும் எவ்வளவு வலி தாங்குகிறார்கள் என்று பார்த்தார்கள். குளிர வைத்த உறையைக் கையில் மாட்டி, எவ்வளவு நேரம் பொறுக்கிறார்கள் என்று அளப்பது ஒரு முறை. சிரித்தவர்களுக்கு வலி தாங்கும் ஆற்றல் கூடியிருந்தது. உடலே சுரக்கும் வலிநீக்கியான எண்டோர்பின்தான் காரணம் என்று அவர்கள் கருதினார்கள். 2017இல் பின்லாந்தின் துர்க்கு நகரில் 12 ஆண்களை அவர்களுடைய நெருங்கிய நண்பர்களோடு அரை மணி நேரம் சிரிக்க வைத்து, பிறகு மூளையைப் படமெடுத்துப் பார்த்தபோது அவ்வகைப் பொருள்கள் சுரந்திருப்பது தெரிந்தது. நண்பர்களோடு என்பதைக் கவனியுங்கள்.

குரங்கினங்கள் ஒன்றுக்கொன்று பேன் பார்த்து உறவை வளர்க்கின்றன. அப்போதும் எண்டோர்பின் சுரக்கிறது. மனிதக் கூட்டம் பெரிதானபோது எல்லோருக்கும் பேன் பார்க்க நேரம் போதாமல், சிரிப்பு அந்த வேலையை எடுத்துக்கொண்டது என்பது டன்பாரின் கருத்து. எங்கள் லயத்துப் பெண்கள் இரண்டையும் ஒரே நேரத்தில் செய்தார்கள்.

திருக்குறளில் சிரிப்பு என்றதும் எல்லோரும் இடுக்கணழியாமை அதிகாரத்து முதல் குறளையே எடுப்பார்கள். துன்பம் வரும்போது சிரிக்கச் சொல்லும் குறள் அது. எனக்கு அதைவிடப் பண்புடைமை அதிகாரத்தின் 999ஆம் குறள் பிடிக்கும். சிரித்து மகிழ முடியாதவர்களுக்கு இந்தப் பெரிய உலகம் பகலிலும் இருண்டே கிடக்கும் என்கிறார் வள்ளுவர். பரிமேலழகர் அங்கே வரும் ‘நகல்’ என்னும் சொல்லுக்குப் பிறரோடு கலந்து உள்ளம் மகிழ்தல் என்ற பொருளில் உரை எழுதுகிறார். சிரிப்பையும் கலந்து பழகுவதையும் அவர் பிரிக்கவில்லை. அம்மா காரில் கேட்ட கேள்வியும் இதுதானே?

பூங்காவில் தீர்ந்துபோன துணுக்குகள்

சிரிப்பை மருந்தாகப் பேசும் எல்லோரும் நார்மன் கசின்ஸ் பெயரைச் சொல்வார்கள். அமெரிக்க இதழாசிரியரான அவருக்கு 1964இல் முதுகெலும்பைப் பாதிக்கும் கடுமையான நோய் வந்தது. மருத்துவரின் ஒப்புதலோடு மருத்துவமனையை விட்டு வெளியேறி, ஒரு ஹோட்டல் அறையில் நகைச்சுவைப் படங்களைப் போட்டுப் பார்த்தார். பத்து நிமிடம் வயிறு குலுங்கச் சிரித்தால் இரண்டு மணி நேரம் வலியில்லாமல் தூங்க முடிந்தது என்று 1976இல் ஒரு புகழ்பெற்ற மருத்துவ இதழில் எழுதினார். அவர் சிரித்ததோடு நிற்காமல் வைட்டமின் சியும் பெருமளவில் எடுத்துக்கொண்டார், நல்ல மருத்துவர் ஒருவரும் கூடவே இருந்தார் என்பதை அவரைப் பற்றிப் பேசுபவர்கள் மறந்துவிடுகிறார்கள்.

எனக்குக் கசின்ஸைவிட மும்பை மருத்துவர் மதன் கட்டாரியாவின் கதை பயனுள்ளதாகத் தெரிகிறது. 1995ஆம் ஆண்டு மார்ச் 13ஆம் நாள் காலையில் அவர் ஒரு பூங்காவில் சிலரைச் சேர்த்துச் சிரிப்பு மன்றம் தொடங்கினார். ஒவ்வொருவரும் ஒரு துணுக்குச் சொல்ல வேண்டும், மற்றவர்கள் சிரிக்க வேண்டும். சில நாள்களில் கூட்டம் பெருகியது. இரண்டு வாரத்தில் நல்ல துணுக்குகள் தீர்ந்துபோயின. அதன்பின் வந்தவை ஆபாசமாகவும், பிறரைப் புண்படுத்துபவையாகவும் இருந்தன. மன்றமே கலைந்துவிடும் நிலை. அப்போதுதான் கட்டாரியா துணுக்குகளை விட்டுவிட்டு, மூச்சுப் பயிற்சியோடு காரணமே இல்லாமல் சேர்ந்து சிரிக்கும் முறையைக் கொண்டுவந்தார். அதுவே சிரிப்பு யோகா என்ற பெயரில் பல நாடுகளுக்கும் பரவியது. மே மாத முதல் ஞாயிறு உலகச் சிரிப்பு நாள் ஆனதும் அந்த இயக்கத்தால்தான்.

அம்மாவிடம் அந்தக் காணொளி ஒன்றைக் காட்டினேன். பூங்காவில் கையைத் தூக்கிக்கொண்டு ‘ஹோ ஹோ, ஹா ஹா’ என்று சிரிப்பவர்களைப் பார்த்துவிட்டு, “இவங்களுக்கு என்னாச்சு?” என்று கேட்டார். பிறகு அவர்களைப் பார்த்தே சிரித்தார். அப்படியும் அது வேலை செய்கிறது.

அந்தப் பூங்காவில் நடந்தது நம் தொல்காப்பியருக்கு வியப்பாக இருந்திருக்காது. மெய்ப்பாட்டியலில் எட்டு மெய்ப்பாடுகளுள் நகையை அவர் முதலில் வைக்கிறார். அது பிறக்கும் இடங்களாக நான்கைச் சொல்லும்போது எள்ளலைத்தான் முதலில் சொல்கிறார். இளமையும் பேதைமையும் மடனும் அதற்குப் பிறகுதான். எள்ளல் என்பது நாம் பிறரை எள்ளிச் சிரிப்பதாகவும் இருக்கலாம், பிறர் நம்மை எள்ளும்போது நாம் சிரிப்பதாகவும் இருக்கலாம் என்று உரையாசிரியர் விளக்குகிறார். தோட்டத்தில் இரண்டும் இருந்தன. எங்கள் லயத்தில் பட்டப்பெயர் இல்லாத ஆள் இல்லை. காலைச் சாய்த்து நடந்தவருக்கு ஒன்று, திக்கிப் பேசியவருக்கு ஒன்று, பிள்ளை இல்லாதவருக்கு ஒன்று. பட்டப்பெயரைக் கேட்டு அவர்களும் சிரித்தார்கள். சிரித்தார்கள் என்பதால் வலிக்கவில்லை என்று சொல்ல முடியுமா?

இன்னொன்றையும் மறைக்காமல் எழுத வேண்டும். நம் நாட்டுத் தமிழில் பகடிவதை என்று ஒரு சொல் இருக்கிறது. பகடி என்றால் வேடிக்கை. வேடிக்கையாகத் தொடங்கி வதையில் முடிவதற்கு இதைவிடப் பொருத்தமான சொல் இல்லை. நான் பல்கலைக்கழகத்தில் மூன்றாம் ஆண்டில் இருந்தபோது, புதிதாக வந்த தம்பி ஒருவன் கூட்டத்தில் தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டான். அப்பாவுக்கு என்ன வேலை என்று கேட்டதற்கு, “தீம்பார்ல வேல” என்றான். நான் சிரித்தேன். நான் சிரித்ததைப் பார்த்து மற்றவர்கள் சிரித்தார்கள். அந்தப் பருவம் முழுவதும் அவன் பெயர் தீம்பார். இரண்டு கூட்டங்களுக்குப் பிறகு அவன் வாய் திறக்கவில்லை. மூன்றாவதற்கு வரவே இல்லை. என் அப்பாவுக்கும் தீம்பாரில்தான் வேலை. அந்த அறையில் அந்தச் சொல்லை அவனுக்கு அடுத்தபடி நன்றாக அறிந்தவன் நான்தான். அதனால்தான் முதலில் சிரித்தேன் என்பது எனக்கு இப்போது புரிகிறது.

அந்தச் சிரிப்பில் எனக்கும் எண்டோர்பின் சுரந்திருக்கும். சுற்றியிருந்தவர்களோடு எனக்கு நெருக்கமும் கூடியது. அறையில் ஒருவனைத் தவிர எல்லோருடைய இரத்தக் குழாயும் விரிந்திருக்கலாம். சிரிப்பின் நன்மையைப் பேசும் கட்டுரைகள் அந்த ஒருவனை அளப்பதில்லை.

எவ்வளவு நம்பலாம்?

2013இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் ஃபெர்னர், அரான்சன் என்னும் இருவர் சிரிப்பின் நன்மை தீமைகளை மருத்துவ ஏடுகளில் தேடித் தொகுத்து எழுதினார்கள். அந்த இதழின் கிறிஸ்துமஸ் வெளியீட்டில் வேடிக்கையாக எழுதப்பட்டது என்றாலும் செய்திகள் உண்மையானவை. பெருஞ்சிரிப்பினால் சிலருக்கு ஆஸ்துமா வந்திருக்கிறது, சிலர் மயங்கி விழுந்திருக்கிறார்கள், தாடை விலகியதும் உண்டு. பெரும்பாலோருக்கு இவை பொருட்டல்ல. வயிற்றில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்களைச் சிரிக்க வைப்பவர்கள் மட்டும் கொஞ்சம் பொறுக்கலாம்.

ஜப்பானின் யமகாத்தா மாநிலத்தில் 40 வயதைக் கடந்த 17,152 பேரைச் சில ஆண்டுகள் கவனித்து வந்த ஆய்வில், மாதத்துக்கு ஒருமுறைகூடச் சிரிக்காதவர்களிடம் இறப்பு விகிதம் கூடுதலாக இருந்தது. அதனைக் காட்டி 2024இல் அம்மாநிலச் சட்டமன்றம், குடிமக்கள் நாளுக்கு ஒருமுறையாவது சிரிக்க முயல வேண்டும் என்று ஒரு விதியே இயற்றியது. ஒவ்வொரு மாதமும் 8ஆம் நாள் சிரிப்பு நாளாம். நோயினாலோ வேறு துயரத்தாலோ சிரிக்க முடியாதவர்களை இது புண்படுத்தாதா என்று எதிர்க்கட்சியினர் கேட்டார்கள். எனக்கும் அந்தப் பக்கம்தான் நியாயம் தெரிகிறது. சிரிக்காததால் நோய் வந்ததா, நோய் இருந்ததால் சிரிக்கவில்லையா என்பதை அப்படிப்பட்ட ஆய்வு முழுமையாகப் பிரித்துச் சொல்ல முடியாது. விதி இயற்றுவதாக இருந்தால், யாரும் தனியாகச் சாப்பிடக்கூடாது என்று இயற்றியிருக்கலாம்.

நம் நாட்டு நிலையும் நினைத்துப் பார்க்கத்தக்கது. தேசிய சுகாதார ஆய்வின்படி 2019இல் பெரியவர்களுள் 2.3 விழுக்காட்டினருக்கு இருந்த மனச்சோர்வு, 2023இல் 4.6 விழுக்காட்டினருக்கு இருந்தது. நான்கே ஆண்டுகளில் இரு மடங்கு. அப்படிச் சோர்ந்திருப்பவரிடம் போய் “கொஞ்சம் சிரி” என்று சொல்வது, கால் உடைந்தவனை ஓடச் சொல்வது போன்றது. அவருக்கு மருத்துவர் தேவை. இனிப்பு நீர் உள்ளவருக்கும் மாத்திரை தேவை. அம்மா சிரிக்கட்டும் என்று நான் அவருடைய மாத்திரையை நிறுத்தவில்லை. மாதத்தில் ஒரு ஞாயிறு அவரைக் கோலா பிலாவுக்கு அழைத்துப் போகிறேன்.

சிரம்பானிலிருந்து ஏறக்குறைய 40 கிலோமீட்டர். பழைய புக்கிட் புத்துஸ் சாலையின் வளைவுகளில் பேருந்தில் போனபோதெல்லாம் அம்மாவுக்குத் தலை சுற்றும். புதிய சாலையில் அந்தத் தொல்லை இல்லை. தோட்டம் இருந்த இடத்தில் இப்போது செம்பனைதான். லயமும் இல்லை, திடலும் இல்லை. ஆனால் பக்கத்து நிரைப் பெரியம்மா மகளோடு கோலா பிலா பட்டணத்தில் இருக்கிறார். அதே லயத்தைச் சேர்ந்த இன்னும் இருவர் பகாவிலிருந்து வருவார்கள். நால்வரும் ஒரு வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்வார்கள்.

ஒவ்வொரு முறையும் ஒரே கதை. பெரிய கிராணி ஒருநாள் நிரை பார்க்க மோட்டார் சைக்கிளில் வந்தார். மழை பெய்து பாதை சேறாகக் கிடந்தது. பெண்களைப் பார்த்து அதட்டிக்கொண்டே வந்தவர், பெருங்காணுக்குள் வண்டியோடு போய்விட்டார். இடுப்பளவு தண்ணீரில் எழுந்து நின்று, தலையில் ஒட்டியிருந்த இலையைக்கூட எடுக்காமல், “நாளைக்கு எல்லாரும் பெரட்டுக்கு நேரத்தோட வந்துரணும்!” என்றாராம். இதைப் பெரியம்மாதான் சொல்ல வேண்டும். ‘நேரத்தோட’ என்ற இடத்தில் மற்ற மூவரும் சேர்ந்துகொள்வார்கள். குறைந்தது நாற்பது முறையாவது நான் கேட்டிருப்பேன். புரோவைன் வந்து எண்ணினால், இதில் நகைச்சுவை இருப்பதாக ஒப்புக்கொள்வாரோ என்னவோ. அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “போதும்டி, நெஞ்சு வலிக்குது” என்பார். பெரியம்மா நிறுத்த மாட்டார்.

சென்ற மாதம் திரும்பி வரும்போது மழை பிடித்துக்கொண்டது. அம்மா பின்னிருக்கையில் கண்ணை மூடியிருந்தார். தூங்கிவிட்டார் என்று நினைத்து வானொலியை அணைத்தேன். மலையைத் தாண்டும்போது பின்னாலிருந்து ஒரு சிரிப்புக் கேட்டது. கண்ணாடியில் பார்த்தேன். கண்ணைத் திறக்காமலே, தோள் குலுங்கத் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தார்.

“என்னம்மா?”

“ஒண்ணும் இல்லய்யா. அந்த எல.”